விடை தெரிந்த விடுகதை

வீட்டில் சிறிய பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இயந்திரம் மலிவாகக் கிடைக்கும். மை தீர்ந்து புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கப் போகும்போதுதான் மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கா இந்த விலை என்று மலைப்பாக இருக்கும். அந்த டப்பாவின் சின்னச் சின்னப் பாகங்கள் பலவற்றின் மீது பேட்டன்ட், அதாவது காப்புரிமை, இருப்பது அந்த விலைக்கு ஒரு காரணம். காப்புரிமை உயிரோடு இருக்கும்வரை அதே பாகத்தை வேறொருவர் செய்து விற்க முடியாது.

அப்படியானால் எதற்கு வேண்டுமானாலும் காப்புரிமை வாங்கிவிடலாமா? முடியாது. காப்புரிமை என்பது அரசாங்கத்துக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே ஒரு பண்டமாற்று. உன் ரகசியத்தை ஊரறிய எழுதிக் கொடு, பதிலுக்கு 20 வருடம் அது உனக்கு மட்டும் சொந்தம் என்பது ஒப்பந்தம். அதற்கு மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். பொருள் புதியதாக இருக்க வேண்டும். பயனுள்ளதாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, அந்தத் தொழில் தெரிந்த ஒரு சாதாரண ஆளுக்குத் தானாகவே தோன்றிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது.

முதல் இரண்டில் பெரிய சிக்கல் இல்லை. மூன்றாவதுதான் வம்பு பிடித்தது. விடுகதை போட்டால் விடை தெரியும்வரை மண்டையைக் குடைந்துகொள்வோம். விடையைச் சொன்னவுடன், "ப்பூ, இவ்வளவுதானா!" என்போம். நீதிபதியின் மேஜைக்கு வரும் கண்டுபிடிப்பு ஒவ்வொன்றும் விடை சொல்லப்பட்ட விடுகதை. அது விடை தெரியாத காலத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அவர் எப்படி அளப்பது? சட்டம் இதற்கு வழி தேடி 150 வருடங்களுக்கு மேல் அலைந்திருக்கிறது. அந்தக் கதையைப் பார்த்துவிட்டு, கடைசியில் பிரின்டர் பாகத்துக்கு நாமே தீர்ப்பு எழுதிப் பார்க்கலாம்.

கதவுக் குமிழும் பென்சிலும்

கதை தொடங்குவது அமெரிக்காவில், ஒரு கதவுக் குமிழில். மரத்திலும் உலோகத்திலும் குமிழ் செய்துவந்த காலத்தில், களிமண்ணிலும் பீங்கானிலும் குமிழ் செய்வதற்கு 1841-இல் ஒரு காப்புரிமை கொடுக்கப்பட்டது. உள்ளே தண்டைப் பொருத்தும் முறை பழையது. களிமண்ணும் பழையது. இரண்டையும் சேர்த்ததுதான் புதிது. குமிழ் மலிவாகவும் உறுதியாகவும் இருந்தது.

1851-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. ஒரு பொருளுக்குப் பதில் இன்னொரு பொருளைப் போட்டுச் செய்வது கைதேர்ந்த தொழிலாளியின் வேலை, கண்டுபிடிப்பாளனின் வேலை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதி உட்பரி மட்டும் இதற்கு உடன்படவில்லை. புதியதாகவும், மலிவாகவும், முன்பைவிட நன்றாகவும் இருந்தால் போதாதா, மக்களுக்கு அதனால் லாபம்தானே என்பது அவருடைய வாதம். தனித்து நின்ற குரல் என்றாலும் அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அடுத்தது பென்சில். 1858 மார்ச் 30 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஹைமன் லிப்மன், ஒரு முனையில் எழுதவும் மறு முனையில் அழிக்கவும் வசதியாக ரப்பர் பதித்த பென்சிலுக்குக் காப்புரிமை பெற்றார். நான்கு வருடம் கழித்து ஜோசப் ரெக்கன்டார்ஃபர் அந்த உரிமையை 1 லட்சம் டாலருக்கு வாங்கினார். அந்தக் காலத்து 1 லட்சம் டாலர்! வாங்கியவர் ஃபேபர் என்ற பென்சில் கம்பெனி மீது வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1875-இல் வந்த தீர்ப்பில் அவருடைய முதலீடு மொத்தமும் காற்றில் கலந்தது.

நீதிமன்றம் சொன்ன காரணம் எளிமையானது. பென்சில் எழுதுகிறது, ரப்பர் அழிக்கிறது. சேர்த்து ஒட்டிய பிறகும் பென்சில் எழுதத்தான் செய்கிறது, ரப்பர் அழிக்கத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்ததால் புதிதாக மூன்றாவது காரியம் எதுவும் நடக்கவில்லை. அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்துப் புளிக்க வைத்தால் இட்லி கிடைக்கும். அரிசி டப்பாவையும் உளுந்து டப்பாவையும் கயிற்றால் சேர்த்துக் கட்டினால் இரண்டு டப்பாதான் கிடைக்கும்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்தப் பென்சில் இருக்கிறது. 1970-ஆம் வருடத்து இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, தனித்தனியே தன் வேலையைச் செய்யும் தெரிந்த சாதனங்களை வெறுமனே சேர்த்தோ மாற்றியடுக்கியோ வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. லிப்மனின் பென்சிலை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

மூளையில் மின்னல் அடிக்க வேண்டுமா?

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நீதிமன்றங்கள் வேறு பக்கம் சாய்ந்தன. காரில் சிகரெட் பற்றவைக்கும் லைட்டர் பற்றிய வழக்கு ஒன்று 1941-இல் வந்தது. சூடேறியதும் தானாகவே பின்னுக்கு வரும் லைட்டர் அது. அதைச் செல்லாது என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம், கண்டுபிடிப்பு என்றால் அதில் படைப்பு மேதைமையின் மின்னல் தெரிய வேண்டும் என்ற பொருளில் எழுதிவைத்தது.

இதைப் படித்த கண்டுபிடிப்பாளர்கள் அதிர்ந்துபோனார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து நூறு முறை தோற்று நூற்றியோராவது முறை ஜெயித்தவனுக்கு மின்னல் எங்கிருந்து வரும்? மெதுவாக உழைத்து வந்தவனுக்குக் காப்புரிமை கிடையாதா? 1949-இல் நீதிபதி ஜாக்சன், தன் சக நீதிபதிகளுக்கு மாறுபட்டு எழுதிய தீர்ப்பில் கிண்டலாகவே சொன்னார். இந்த நீதிமன்றத்தின் கையில் இன்னும் சிக்காத காப்புரிமைதான் செல்லுபடியாகும் காப்புரிமை போலிருக்கிறது என்றார். அடுத்த வருடமே மளிகைக் கடையில் சாமான்களைக் கல்லாப் பக்கம் நகர்த்தும் மூன்று பக்கச் சட்டம் ஒன்றின் காப்புரிமையும் அதே நீதிமன்றத்தில் போனது.

கடைசியில் 1952-இல் அமெரிக்க நாடாளுமன்றம் புதிய சட்டம் போட்டது. அதன் 103-ஆவது பிரிவு இரண்டு காரியம் செய்தது. ஒன்று, அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ளவருக்கு, அந்தக் காலத்தில், இது தோன்றியிருக்குமா என்பதே கேள்வி என்று எழுத்தில் வைத்தது. இரண்டு, கண்டுபிடிப்பு எந்த விதத்தில் பிறந்தது என்பதை வைத்துக் காப்புரிமையை மறுக்கக் கூடாது என்றது. நீண்ட உழைப்பில் வந்தாலும் சரி, தற்செயலாகக் கைதவறி வந்தாலும் சரி, மின்னலில் வந்தாலும் சரி. பிரின்டர் கதைக்கு இந்த இரண்டாவது வரி தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

கலப்பை, மூடி, பேட்டரி

சட்டம் வந்தாலும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது 1966-இல்தான் தெளிவானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் மூன்று பொருட்களுக்குத் தீர்ப்புச் சொன்னது.

முதலாவது கலப்பை. கல் நிறைந்த நிலத்தில் உழும்போது கலப்பைக் கால் கல்லில் மோதி முறியாமல் வளைந்து கொடுக்க வேண்டும். அதற்கு வில் வைத்த பழைய அமைப்பு ஒன்று இருந்தது. வில்லியம் கிரஹாம் அதில் மேலே இருந்த பாகத்தைக் கீழே மாற்றினார். இது தொழில் தெரிந்தவருக்குத் தோன்றக்கூடியதே என்று காப்புரிமை ரத்தானது. இரண்டாவது, பூச்சிமருந்து பாட்டில் வழியில் ஒழுகாமல் இருக்கச் செய்த மூடி. வியாபாரம் அமோகமாக நடந்தது. இருந்தும் அதுவும் ரத்து.

மூன்றாவது, பெர்ட் ஆடம்ஸ் செய்த பேட்டரி. மெக்னீசியமும் குப்ரஸ் குளோரைடும் வைத்து, தண்ணீர் ஊற்றினால் வேலை செய்யத் தொடங்கும் பேட்டரி. பாகங்கள் எல்லாம் முன்பே தெரிந்தவைதான். ஆனால் அப்போதைய நூல்களைப் படித்தவர்கள் இந்த வழியில் போகாதே என்றுதான் முடிவுகட்டியிருப்பார்கள். ஆடம்ஸ் காட்டியபோது ராணுவ நிபுணர்களே நம்பவில்லை. பிறகு அரசாங்கம் அதையே பயன்படுத்திக்கொண்டது. இந்தக் காப்புரிமை செல்லும் என்றது நீதிமன்றம்.

இந்த மூன்றிலிருந்தும் ஒரு முறை கிடைத்தது. முன்பு என்ன தெரிந்திருந்தது? அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? துறையில் இருந்த சாதாரண ஆளின் திறமை எவ்வளவு? இவற்றோடு, வெளியுலகச் சாட்சியும் பார்க்கலாம். நீண்டகாலமாக இது தேவைப்பட்டதா? மற்றவர்கள் முயன்று தோற்றார்களா? வியாபாரத்தில் ஜெயித்ததா? விடை தெரிந்த மனதைக் கொஞ்சம் கட்டிப்போட்டு, பழைய காலத்துக்குத் திரும்பிப்போய் உட்காரவைக்கும் உபாயம் இது.

மிர்சாபூர் பாத்திரம்

நம் உச்ச நீதிமன்றத்தின் முன்னும் இதே கேள்வி வந்தது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரம் செய்யும் இரண்டு நிறுவனங்களுக்கு இடையே வழக்கு. லேத்தில் வைத்துக் கடையும்போது பாத்திரம் பிடி நழுவிப் பறந்து வந்து தொழிலாளியைத் தாக்கும் அபாயம் இருந்தது. ஒரு நிறுவனம் 1951-இல், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தண்டு பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும்படி செய்து காப்புரிமை வாங்கியது. போட்டி நிறுவனமும் அதே முறையைப் பயன்படுத்தியதால் வழக்கு.

அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் டிவிஷன் பெஞ்ச் அதைத் திருப்பிக் கொடுத்தது. 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பு மீண்டும் ரத்து செய்தது. லேத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிப்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம், இது பட்டறையில் நடக்கும் சாதாரண முன்னேற்றத்துக்கு மேல் போகவில்லை என்பது காரணம். காப்புரிமை அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டதாலேயே அது செல்லும் என்று ஆகிவிடாது என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது.

தொழிலாளியின் கையைக் காப்பாற்றிய யோசனைக்கு மதிப்பு இல்லையா என்று சிலருக்குத் தோன்றலாம். மதிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அந்தக் காப்புரிமை நின்றிருந்தால், பக்கத்துப் பட்டறைக்காரன் தன் லேத்தில் தனக்குத் தெரிந்த முறையில் பாத்திரத்தைத் தாங்கிப் பிடிக்கக்கூட இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

அதற்காக நீதிமன்றங்கள் சூத்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுலபமாகத் தப்பித்துவிடவும் முடியாது. அமெரிக்காவில் ஒரு கட்டத்தில், இரண்டு பழைய பொருட்களைச் சேர்க்கச் சொல்லும் குறிப்பு ஏதாவது ஒரு ஏட்டில் இருந்தால்தான் அது தோன்றக்கூடியது என்று கீழ் நீதிமன்றம் கறாராக நடந்தது. கார் பெடலில் எலெக்ட்ரானிக் சென்சார் பொருத்திய வழக்கில், 2007-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதைத் தளர்த்தியது. தொழில் தெரிந்தவன் இயந்திரப் பொம்மை இல்லை, அவனுக்கும் கொஞ்சம் கற்பனை உண்டு என்றது.

இனி நாமே நீதிபதி

இப்போது பிரின்டர் கார்ட்ரிட்ஜை மேஜைமேல் வைப்போம். அதன் அடியில் உள்ள மெல்லிய தகட்டில் முடியளவு துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் மிக நுண்ணிய ஒரு ஹீட்டர். வினாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்துக்கு மட்டும் அதில் மின்சாரம் பாயும். ஹீட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மையின் மெல்லிய படலம் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, சட்டென்று ஒரு குமிழி உண்டாகும். குமிழி தள்ள, துளை வழியே ஒரு சொட்டு மை காகிதத்தில் போய் விழும். குமிழி சுருங்கும்போது புது மை உள்ளே வரும். ஒரு வினாடியில் இது ஆயிரம் முறைக்கு மேல் நடக்கும்.

இதைக் கண்டுபிடித்தது யார்? ஜப்பானின் கேனன் நிறுவனத்தில் இசிரோ எண்டோ. 1977-இல் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரப்பிய ஊசிக்குழாயில் தற்செயலாகப் பட்டு மை பீறிட்டதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்பது அந்த நிறுவனம் சொல்லிவரும் கதை. அமெரிக்காவில் ஹியூலட்-பேக்கர்டில் ஜான் வாட். கொதிக்கும் தண்ணீர் காப்பிப் பொடிமேல் எழும்பிவரும் பெர்கோலேட்டர்தான் அவருக்கு வழி காட்டியது என்பார்கள். அது 1970-களின் கடைசி. ஒருவரை ஒருவர் அறியாமல் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னால் இரு நிறுவனங்களும் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டன.

முதல் கேள்வி: முன்பு என்ன தெரிந்திருந்தது? இங்கேதான் ஆச்சரியம். ஸ்பெர்ரி ராண்ட் நிறுவனத்தின் மார்க் நைமன், மையைத் திடீரென ஆவியாக்கி அந்த ஆவியின் உந்துதலால் காகிதத்தில் அச்சிடலாம் என்று 1962-இலேயே மனுப் போட்டு, 1965-இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதன் தலைப்பே 'திடீர் நீராவி பிரின்டர்' என்ற அர்த்தத்தில்தான் இருந்தது. ஆக, சூட்டால் மையைத் தள்ளலாம் என்ற பெரிய யோசனை ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்தது. அதை முழுசாக இன்னொருவர் சொந்தம் கொண்டாட முடியாது.

இரண்டாவது: வித்தியாசம் என்ன? யோசனை காகிதத்தில் கிடந்தபோது யாரும் அதை வீட்டு மேஜைக்குக் கொண்டுவரவில்லை. காரணம் நம் அடுப்படியில் தெரிந்ததுதான். பால் காய்ச்சினால் அடிப்பிடிக்கும். அதேபோல் ஹீட்டர் மேல் மை அடிப்பிடிக்கும். இந்தத் தொல்லைக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் 'கோகேஷன்'. கருகுதல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. குமிழி சுருங்கும் ஒவ்வொரு முறையும் ஹீட்டரை ஒரு குட்டிச் சுத்தியல் போலத் தட்டும். அதைத் தாங்கும் பூச்சுகளும், கருகாத மையும் தேவைப்பட்டன. இவையெல்லாம் கடைசல் பட்டறையில் ஒரு தண்டைச் சேர்ப்பது போன்ற வேலை அல்ல.

எதிர்த்தரப்பு வக்கீல் இங்கே எழுந்து நிற்பார். ஒரே நேரத்தில் இருவருக்குத் தோன்றியது என்றால், அது யாருக்கும் தோன்றக்கூடியது என்றுதானே அர்த்தம் என்பார். நல்ல வாதம்தான், நீதிமன்றங்களும் இதைக் காதில் போட்டுக்கொள்வதுண்டு. ஆனால் நைமனின் ஏடு பத்து வருடத்துக்கு மேல் வெளியில் கிடந்தது. எத்தனையோ பேர் மையைப் பீய்ச்ச வேறு வழிகளைத் தேடினார்கள். அத்தனை பேரில் இருவர்தான் இதைப் பிடித்தார்கள். எண்டோவுக்குத் தற்செயலாக வந்தது என்பதும் குறையாகாது. 1952 சட்டம் அந்த வாதத்தை அடைத்துவிட்டது. என் தீர்ப்பு: சூடு என்ற பொது யோசனைக்கு உரிமை இல்லை, அதை வேலை செய்ய வைத்த நுண்ணிய அமைப்புக்கு உரிமை உண்டு.

அடுத்த பாகம் இன்னும் சுவையானது. ஹியூலட்-பேக்கர்ட் 1984-இல் 'திங்க்ஜெட்' பிரின்டரை 495 டாலருக்குக் கொண்டுவந்தது. 12 துளைகள் கொண்ட அச்சுத்தலை. அந்தத் தலை வருடக்கணக்கில் உழைக்க வேண்டும் என்ற கவலையை அவர்கள் ஒரே வெட்டாக வெட்டினார்கள். தலையையே மை டப்பாவோடு சேர்த்துவிட்டார்கள். மை தீர்ந்தால் தலையும் போகும், புது டப்பாவில் புதுத் தலை வரும். நாம் கொடுக்கும் விலையில் மையோடு அச்சுத்தலைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

இது தோன்றக்கூடியதா? பால்பாயின்ட் பேனாவைப் பாருங்கள், ரீஃபிலோடு முனையும்தானே சேர்ந்து வருகிறது என்று ஒருவர் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்றைய பிரின்டர் தொழிலுக்குள் போய் உட்கார்ந்து யோசித்தால் நிலைமை வேறு. அச்சுத்தலை என்பது இயந்திரத்தின் விலையுயர்ந்த உயிர்நாடி. ரிப்பனை மாற்றுவார்கள், தலையைப் பாதுகாப்பார்கள். தலையைக் குப்பையில் போடு என்பது ஆடம்ஸ் பேட்டரியைப் போல, எல்லோரும் போன திசைக்கு எதிர்த்திசை. ரீஃபில் உவமை நமக்குச் சட்டென்று தோன்றுவதே விடை தெரிந்த பிறகுதான்.

இப்படிச் சொல்வதால் கார்ட்ரிட்ஜில் உள்ள ஒவ்வொரு கொக்கிக்கும் மூடிக்கும் பல்சக்கரத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பெரிய கண்டுபிடிப்பின் நிழலில் சின்ன மாற்றங்களையும் வரிசையாகப் பதிவு செய்து, 20 வருடம் முடியும்போது இன்னொரு 20 வருடத்துக்கு வேலி போடும் வழக்கம் பல தொழில்களில் உண்டு. அந்தக் கொக்கி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது கிரஹாமின் கலப்பை மாதிரியா, ஆடம்ஸின் பேட்டரி மாதிரியா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டாக வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் 2005 திருத்தத்துக்குப் பிறகு இதையே கேட்கிறது. இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்பத்தில் ஒரு படி முன்னேற்றம் வேண்டும், அல்லது பொருளாதார முக்கியத்துவம் வேண்டும், அல்லது இரண்டும் வேண்டும். எதுவானாலும் துறை அறிந்தவருக்குத் தோன்றிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது.

கதவைத் தாராளமாகத் திறந்துவிட்டால் மிர்சாபூர் பட்டறைக்காரனும், கார்ட்ரிட்ஜ் வாங்கும் நாமும் நஷ்டப்படுவோம். இறுக்கி மூடினால், அடிப்பிடிக்காத மைக்காக வருடக்கணக்கில் உட்கார்ந்தவன், நமக்கு எதற்கு வம்பு என்று எழுந்து போய்விடுவான். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதை எந்தச் சூத்திரமும் இதுவரை முழுசாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அதன் காலத்துக்குத் திரும்பிப் போய், விடை தெரியாதவர்போல உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.